கடைசியாக எண் சொல்பவர்

எங்கள் மிர்டோலா ஆற்றில் இலையுதிர் காலத்தில் மூன்று இனங்களைக் காணலாம். முதலாவது சால்மன். கடலில் இரண்டு மூன்று வருஷம் தின்று கொழுத்துவிட்டு, பிறந்த ஆற்றை மறக்காமல் முட்டையிடத் திரும்பி வருவது. இரண்டாவது கடல் ட்ரவுட். தூரத்தில் பார்த்தால் சால்மனைப் போலவே இருந்து, மீன் எண்ணுகிறவர்களின் பிழைப்பைக் கெடுப்பதற்கென்றே படைக்கப்பட்டது. மூன்றாவது இனத்துக்கு எந்த மீன் புத்தகத்திலும் படம் கிடையாது. ஒரு மீட்டர் எண்பது நீளம் இருக்கும். கறுப்பு ரப்பர் உடையில் குப்புற மிதந்து வரும். மடுவின் முடிவில் தலையைத் தூக்கும். மற்ற தலைகள் எல்லாம் பேசி முடிக்கிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருக்கும். பிறகு வாயைத் திறந்து ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண் மற்றவர்கள் சொன்னதைவிட எப்போதும் ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும்.

இவர்தான் கடைசியாக எண் சொல்பவர்.

காட்டுச் சால்மன் குறைந்துகொண்டே வருகிறது என்று நாடே கவலைப்படுகிறது. இந்த இனத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், எந்த அலுவலகத்திலும் பெருகும். எங்கள் ஆற்றில் அதற்கு ஓட்முண்ட் என்று பெயர்.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஓட்முண்டின் மேதைமை உங்களுக்குப் புரியாது. நாங்கள் சம்பளத்துக்கு மீன் எண்ணுகிறவர்கள். அக்டோபரில் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்த பிறகு, மூன்று பேர் ஆற்றின் குறுக்கே ஒரே வரிசையில், இடக்கரையோரம் ஒருவர், நடுவில் ஒருவர், வலக்கரையோரம் ஒருவர் என்று குப்புறப் படுத்து, தண்ணீருக்குள் பார்க்கிற முகக்கண்ணாடியை மாட்டி, வாயில் மூச்சு விடும் குழாயைக் கவ்விக்கொண்டு, ஓட்டம் இழுக்கிற போக்கில் பதினோரு கிலோமீட்டர் மிதந்து வருவோம். எங்களைத் தாண்டி மேல்நோக்கிப் போகிற மீனை மட்டும் எண்ண வேண்டும். முன்னால் மிரண்டு ஓடுகிற மீன் கணக்கில் இல்லை. இரண்டு பேருக்கு நடுவே புகுந்து போகிற மீன் இடப்பக்கத்து ஆளுக்குச் சொந்தம். ஆணா பெண்ணா, பெரியதா சிறியதா, காட்டு மீனா, பண்ணைக் கூண்டிலிருந்து தப்பி வந்ததா என்று ஒரு விநாடியில் முடிவு செய்து, மணிக்கட்டில் கட்டிய சிலேட்டில் பென்சிலால் கோடு போட வேண்டும். கையுறைக்குள் விரல் மரத்திருக்கும். ஒரு கோடு போடுவதற்குள் இன்னும் இரண்டு மீன் போய்விடும். ஒவ்வொரு மடுவின் முடிவிலும் மூன்று தலைகளும் தண்ணீருக்கு மேலே வந்து, ஆளுக்கு ஆள் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். எங்களில் வேலைக்குப் புதியவர் முதலில் சொல்வது வழக்கம். சோல்வி என்கிற பெண் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது என்றாலும் அவளுக்குப் பிறகு யாரும் சேராததால் போன வருஷம் வரைக்கும் அவள்தான் புதியவள். அவள் முதலில் சொல்வாள். பதினோரு வருஷமாக இருக்கிற நான் அடுத்து. இருபத்தாறு வருஷமாக இருக்கிற ஓட்முண்ட் கடைசி. சிலேட்டில் எழுதுவதெல்லாம் எங்கள் இருவர் வேலை. அவரிடம் சிலேட்டு எங்கே என்று கேட்டால் நெற்றியைத் தட்டிக் காட்டுவார்.

"எல்லாம் இங்க இருக்குப்பா."

உண்மைதான். எல்லாம் அங்கேதான் இருந்தது. ஆற்றில்தான் இல்லை.

கடைசியாக எண் சொல்பவரை ஆற்றில் இறங்குவதற்கு முன்பே கரையில் வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். எங்கள் ரப்பர் உடையின் ஜிப் முதுகில் தோளுக்குத் தோள் போகும்; அடுத்தவர் இழுத்து மூடினால்தான் உண்டு. மூடிய பிறகு ஐந்து மணி நேரத்துக்கு எந்த அவசரத்துக்கும் ஒதுங்க முடியாது. ஓட்முண்ட் எங்கள் இருவர் ஜிப்பையும் பெருந்தன்மையாக இழுத்து மூடிவிட்டு, தன்னுடையதை மட்டும் திறந்தபடி விட்டுக்கொண்டு, நிதானமாக பிர்ச் மரங்களுக்குப் பின்னால் போய்விட்டு வருவார். பிறகு சோல்வி தண்ணீரில் வெப்பமானியை விட்டு, மூன்று புள்ளி எட்டு என்று படிப்பாள். ஓட்முண்ட் கையுறையைக் கழற்றி, ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து, கண்ணை மூடி, வானத்தைப் பார்த்து, "நாலுக்குக் கொஞ்சம் கொறச்சல்" என்பார். விரலுக்குத் தசமஸ்தானம் வரை தெரிகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் வருஷா வருஷம் பார்க்கிறோம். ஒரு தடவை சோல்வி வேண்டுமென்றே ஆறு டிகிரி என்று சொன்னாள். விரல் தண்ணீருக்குள் போயிற்று. கண் மூடிற்று. "ஆறேதான். அதுக்கு மேலகூட இருக்கும்." வெப்பமானியில் மூன்றரை இருந்தது. நான் வாய்க்குள் சிரித்துக்கொண்டேன்.

வழியில் பெட்ரோல் கடையில் சாப்பிட நிறுத்தினால், நாங்கள் இருவரும் என்ன வாங்குகிறோம் என்று பார்த்த பிறகு "எனக்கும் அதேதான், ஆனா ரெண்டா" என்பார். காரில் வானொலி மழை வரும் என்று சொன்ன மறுநிமிஷம் அவருக்கு முழங்கால் வலிக்கும். வருஷத்துக்கு ஒரு முறை நகரத்தில் நடக்கிற கூட்டத்தில், விஞ்ஞானிகள் பத்துப் பேர் பதினைந்து கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஓட்முண்ட் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அந்த மௌனத்தைப் பார்க்கிறவர்கள் அதற்கு அடியில் பெரிய ஆழம் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். முடிவில் தலைவர், "ஓட்முண்ட், நீங்க ஒண்ணும் சொல்லலையே?" என்று மரியாதையாகக் கேட்பார். அவர் தொண்டையைச் செருமுவார். எந்தக் கருத்துக்கு அதிகம் பேர் தலையாட்டினார்களோ, அந்தக் கருத்தின் மேல் கையை வைப்பார்.

"நானும் அதையேதான் சொல்ல வந்தேன்."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டார். ஓய்வு பெறும்போது அவருக்குச் சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள்.

அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். பொய் சொல்ல வேண்டுமானால் முதலில் சரியான எண் தெரிந்திருக்க வேண்டும். ஓட்முண்ட் அந்தச் சிரமத்தை வைத்துக்கொள்வதில்லை. பாதிரி மடு என்று எங்கள் ஆற்றில் ஓர் ஆழமான இடம். அதன் முடிவில் தலையைத் தூக்கி, சோல்வி "ஏழு பெண்" என்பாள். நான் "ஆறு" என்பேன். ஓட்முண்ட் குழாயை வாயிலிருந்து எடுத்து, மூக்கைச் சிந்தி, தாடியில் ஒட்டிய பாசியை எடுத்துப் போட்டுவிட்டு, "ஒம்பது" என்பார். கூடவே "நடுவுல ஒரு பெரிய பாறை இருக்குல்ல, அதுக்குப் பின்னால ரெண்டு" என்று முகவரியும் கொடுப்பார். அந்தப் பாறைக்குப் பின்னால் போய்ப் பார்க்க யாரால் முடியும்? ஆறு எங்களை அதற்குள் நாற்பது மீட்டர் கீழே கொண்டுவந்து விட்டிருக்கும்.

நான் எப்படி என்று கேட்கிறீர்களா? நான் அடக்கமானவன். சோல்வி ஏழு என்றால் நான் ஆறு என்பேன். அவள் நான்கு என்றால் நான் மூன்று, சில சமயம் நான்கு. மிகைப்படுத்துகிற பழக்கம் எங்கள் குடும்பத்திலேயே இல்லை.

யாருமே அவரைக் கேட்கவில்லையா என்கிறீர்கள். எங்கள் பள்ளத்தாக்கில் ஒருவர் நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால், மூச்சை உள்ளே இழுத்தபடி "ம்" என்போம். அது சம்மதம் போலவும் இருக்கும், குளிர் தாங்காமல் வந்த சத்தம் போலவும் இருக்கும். நாற்பது வருஷம் பக்கத்துப் பக்கத்துப் பண்ணையில் வாழ வேண்டியவர்கள் இதற்கு மேல் பேசினால் ஆபத்து. அதோடு, பெரிய எண் யாருக்குத்தான் பிடிக்காது? அலுவலகத்துக்குப் பிடித்தது, ஆற்றங்கரைச் சொந்தக்காரர்களுக்குப் பிடித்தது, கோடையில் தூண்டிலோடு வருகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்தது. மீன்களுக்குப் பிடித்ததா என்று கேட்க வழியில்லை. அவையும் எங்களைப் போல வாயைத் திறந்து திறந்து மூடுமே தவிர ஒன்றும் சொல்லாது.

இப்படியே இன்னும் பல காலம் போயிருக்கும். போன அக்டோபரில் குட்வைக் வீட்டு நடையில் ஒரு கொக்கி இல்லாமல் இருந்திருந்தால்.

குட்வைக் ஆற்றங்கரைச் சொந்தக்காரர்கள் சங்கத்தின் தலைவி. பாதிரி மடுவின் கரையில்தான் அவள் பண்ணை. ஆடுகள் இருக்கின்றன, பழைய தானியக் கிடங்கை நான்கு அறைகளாக்கி வைத்திருக்கிறாள். கோடையில் டென்மார்க்கிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் மீன்பிடிக்க வருகிறவர்கள் அங்கே தங்குவார்கள். விதி இப்படி: எங்கள் பகுதியில் முட்டையிட வந்த பெண் சால்மன் குறைந்தது தொண்ணூறு இருக்க வேண்டும். (ஆண் மீன்களை யாரும் லட்சியம் செய்வதில்லை, தாடை எவ்வளவு கம்பீரமாக வளைந்திருந்தாலும்.) தொடர்ந்து மூன்று வருஷம் தொண்ணூறுக்குக் கீழே போனால் ஐந்து கோடைகளுக்கு ஆற்றில் தூண்டில் விழக்கூடாது. முந்தின இரண்டு வருஷமும் கீழே போயிருந்தது. எண்பத்தாறு, பிறகு எண்பத்தெட்டு. ஓட்முண்டின் மீன்களையும் சேர்த்துத்தான் அவ்வளவு. யோசித்துப் பாருங்கள், அவராலேயே தொண்ணூறைத் தொட முடியவில்லை.

எண்ணப்போகிற அன்று காலையில் குட்வைக் எங்களுக்குக் காபி கொடுத்தாள். சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை அவள்.

"ஆத்தை மூடிட்டா நான் இங்க இருந்து என்ன பண்ண? ட்ரொண்ட்ஹைம் பட்டணத்துல மக வீட்டு சோபாவுல போய் உக்கார வேண்டியதுதான். அதுக்காக நீங்க கூட்டிச் சொல்ல வேணாம். இருக்கறதச் சொல்லுங்க."

நாங்கள் மூவரும் மூச்சை உள்ளிழுத்து "ம்" என்றோம்.

அன்றைக்குத் தண்ணீர் அருமையாகத் தெளிந்திருந்தது. மடுவுக்கு மடு தலைகள் தூக்கினோம். சோல்வி சொன்னாள், நான் சொன்னேன், ஓட்முண்ட் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார். அன்றைக்கு அவர் எண்கள் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்ததைக் கவனித்தேன். நடுவில் நிறையப் பாறைகளும் முளைத்திருந்தன. மாலை நான்கு மணிக்குக் குட்வைக்கின் சமையலறையில், வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் மேஜைமேல் இருக்க, சோல்வி கூட்டினாள். அவளுக்கு முப்பத்தொன்று, எனக்கு இருபத்தைந்து, ஓட்முண்டுக்கு நாற்பத்தொன்று. மொத்தம் தொண்ணூற்றேழு.

குட்வைக் எழுந்து போய்ச் சுவரிலிருந்த அடுத்த வருஷத்து நாள்காட்டியை எடுத்துவந்து, ஜூலை மாதத்தைத் திருப்பி, ஒரு டென்மார்க்காரரின் பெயரை எழுத ஆரம்பித்தாள். ஓட்முண்ட் மூன்றாவது வாஃபிளை எடுத்தபடி, இந்த ஆறு ஒரு நாளும் தன்னைக் கைவிட்டதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்பளிக் குல்லாயை எடுக்க நான் நடைக்கு வந்தேன். கோட்டு மாட்டுகிற கொக்கியில், என் குல்லாயின் பக்கத்தில், நீலப் பட்டை போட்ட ஒரு முகக்கண்ணாடி தொங்கியது.

ஓட்முண்டின் முகக்கண்ணாடி. இதை நீங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அவர் மூக்குக்கண்ணாடி புட்டியின் அடிப்பாகம் அளவு தடிமன். அது இல்லாமல் ஒரு தடவை குட்வைக் வீட்டுத் தபால் பெட்டியிடம் நலம் விசாரித்தவர். தண்ணீருக்குள் பார்ப்பதற்காகவே, அவர் பார்வைக்கு ஏற்றபடி சில்லு வைத்து அலுவலகம் செய்துகொடுத்தது இந்த நீலப் பட்டை. காலையில் காபி குடிக்க வந்தபோது மாட்டியவர் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆற்றில் போட்டிருந்தது வண்டியில் கிடக்கிற, சாதாரணச் சில்லு வைத்த பொதுக் கண்ணாடி. நான் நீலப் பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. பதினோரு கிலோமீட்டர், ஐந்து மணி நேரம், ஒரு வாலைக்கூடப் பார்த்திருக்க முடியாத மனிதர் நாற்பத்தொரு தாய் மீன்களை எண்ணியிருக்கிறார். அதில் ஒவ்வொன்றும் எந்தப் பாறைக்குப் பின்னால் என்றும் சொல்லியிருக்கிறார்.

சோல்வி என் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"விடு சோல்வி," என்றேன் தாழ்ந்த குரலில். "ரெண்டு வருஷத்துல ஓய்வு பெறப்போறவரு. உள்ள குட்வைக் முகத்தப் பாத்தியா? தொண்ணூறு தாண்டிருச்சு, எல்லாருக்கும் சந்தோஷம்."

"நாம தொண்ணூத்தேழுன்னு சொல்லிட்டா ஆத்துல தொண்ணூத்தேழு ஆயிடுமா?"

"அப்படிச் சொல்லலை."

"அடுத்த கோடையில தூண்டில் போடறவன் ஓட்முண்ட் எண்ணின மீனைப் பிடிக்க மாட்டான் ஸ்டெய்னார். நான் எண்ணினதைத்தான் பிடிப்பான். நீ எண்ணினதையும்."

கொக்கியிலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வாஃபிள் தட்டுக்கும் காபிக் குவளைக்கும் நடுவே அதை வைத்துவிட்டு, தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

ஓட்முண்ட் நீலப் பட்டையைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் நன்றாகவே தெரிந்திருக்கும். குட்வைக்கின் பேனா டென்மார்க்காரரின் பாதிப் பெயரில் நின்றுவிட்டது. அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் கேட்டது. நாளைக்கு இன்னொரு முறை ஆற்றில் இறங்கி எண்ணிவிடலாம் என்று சோல்வி சொன்னாள். முட்டையிடுகிற நேரம், ஒரு நாளில் மீன்கள் எங்கேயும் போய்விடாது என்றாள். ஓட்முண்ட் தொண்டையைச் செருமினார்.

"நானும் அதையேதான் சொல்ல வந்தேன்."

மறுநாள் சோல்வி ஒரு புது விதி போட்டாள். மடுவின் முடிவில் தலையைத் தூக்கியதும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. முதலில் அவரவர் சிலேட்டில் எண்ணை எழுதி, மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். அவள் மூன்று வரை எண்ணியதும் மூவரும் ஒன்றாகத் திருப்பிக் காட்ட வேண்டும். ஓட்முண்டுக்கு ஒரு சிலேட்டையும் பென்சிலையும் அவளே மணிக்கட்டில் கட்டிவிட்டாள். அன்றைக்கு அவர் நீலப் பட்டைக் கண்ணாடியை மறக்காமல் மாட்டிக்கொண்டார், தண்ணீரில் விரலை நனைக்கவில்லை.

முதல் மடுவின் முடிவில் மூன்று தலைகளும் எழும்பின. நான் ஓட்முண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் பார்த்திருப்பீர்கள். சோல்வி மூன்று வரை எண்ணினாள், திருப்பினோம். அவள் சிலேட்டில் ஐந்து. ஓட்முண்டின் சிலேட்டில், சிறுபிள்ளை எழுதியது போல் கோணலாக, இரண்டு. இருபத்தாறு வருஷத்தில் அவர் சொன்ன மிகச் சிறிய எண். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் தாடியிலிருந்து சொட்டியது.

"ரெண்டுதான்பா இருக்கு," என்றார்.

எனக்கு அந்த நிமிஷம் அவர்மேல் பாவமாக இருந்தது. அவரைப் பார்த்து இத்தனை வருஷம் உள்ளுக்குள் சிரித்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. பிறகுதான் சோல்வி என் சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

அதில் ஒன்றும் இல்லை.

பென்சில் முனை உடைந்துவிட்டது என்றேன். சோல்வி என் மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த பென்சிலைப் பார்த்தாள். முனை ஊசி மாதிரி இருந்தது. தன் உபரிப் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தா. இது உடையாது."

நான் மீன்களைப் பார்க்காமல் வரவில்லை, நம்புங்கள். பார்த்தேன், கோடுகளும் போட்டேன். ஆனால் தலையைத் தூக்கியதும் அந்தக் கோடுகளைக் கட்டை விரலால் அழித்துவிட்டு, சோல்வி என்ன சொல்கிறாள் என்று காத்திருப்பது எனக்குப் பழகிவிட்டிருந்தது. சில கோடு கல்லாக இருந்திருக்கலாம், சில ட்ரவுட்டாக இருந்திருக்கலாம், எதற்கு வம்பு? அவளைவிட ஒன்று குறைத்துச் சொன்னால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. இரண்டாவது மடுவில், யார் குரலும் காதில் விழாமல், நானாக ஓர் எண்ணை எழுத வேண்டியிருந்தபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. நான்கு டிகிரித் தண்ணீரில் காது சூடாகியது. நான்கு என்று எழுதினேன். திருப்பினோம். சோல்வி மூன்று. உலகம் ஒன்றும் புரண்டுவிடவில்லை.

அன்றைக்குச் சோல்விக்கு முப்பது, ஓட்முண்டுக்குப் பதினான்கு, எனக்கு இருபத்தொன்பது. முந்தின நாளைவிட எனக்கு நான்கு கூடுதல். அந்த நான்கு தாய் மீன்களும் நேற்று எங்கே போயிருந்தன என்று தயவுசெய்து கேட்காதீர்கள். மொத்தம் எழுபத்து மூன்று.

சமையலறையில் அன்று வாஃபிள் இல்லை. காபி மட்டும் இருந்தது. சோல்வி எண்ணைச் சொன்னாள். குட்வைக் நாள்காட்டியை மேஜைமேல் இழுத்து, டென்மார்க்காரரின் பாதிப் பெயரை ஒரு கோட்டால் அடித்தாள். ஐந்து கோடை. சன்னலுக்கு வெளியே ஆடுகள், அதற்கு அப்பால் பாதிரி மடு. அவள் அழுவாள் என்று நான் நினைத்தேன். அவள் கோபமாக இருந்தாள்.

"ஒம்பது வருஷமா ஜெர்மன்காரனும் டேனிஷ்காரனும் வெறுங்கையோட திரும்பி வந்து என் படியில உக்காருவான். உனக்குத் தூண்டில் வீசத் தெரியலைன்னு நான் அவனுங்ககிட்ட சொல்லுவேன். மடு நிறைய மீன் இருக்கு, தாள்ல எழுதியிருக்குன்னு சொல்லுவேன். நான் இத்தனை நாள் யாரோட மீனை வாடகைக்கு விட்டேன்?" ஓட்முண்ட் பக்கம் திரும்பினாள். "மூணு வருஷம் முன்னாடியே மூடியிருந்தா இந்நேரம் ஆறு பாதி தேறியிருக்கும். சொல்லு ஓட்முண்ட். அந்த மடுவுல நெசமா எத்தனை இருந்துச்சு?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அவர் மூக்கைச் சிந்துவார், தொண்டையைச் செருமுவார், எங்கள் இருவரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அதில் எதையும் அவர் செய்யவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எனக்குத் தெரியாது குட்வைக். நான் எண்ணல."

முதல் ஆளாகப் பேசினார். அவருடைய இருபத்தாறு வருஷ வேலையில் அதுதான் முதல் தடவை. சொன்னது சரியான கணக்கும்கூட. குட்வைக் மூச்சை உள்ளிழுத்து "ம்" என்றாள். அது குளிரால் வந்தது இல்லை.

பிறகு சோல்வியைக் கேட்டாள். சோல்வி தன் பழைய சிலேட்டுக் கணக்கை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பாதிரி மடு, அவள் பக்கத்தில், ஆறு, ஏழு, ஐந்து, நான்கு என்று வருஷ வாரியாகப் படித்தாள். படித்து முடித்ததும் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

"நீ ஸ்டெய்னார்?" என்றாள் குட்வைக். "உன் பக்கத்துல நெசமா எத்தனை பாத்தே?"

மேஜையில் கடைசியாகப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தேன். ஐந்து என்று சொல்லலாம் போலிருந்தது, ஆறும் சொல்லலாம் போலிருந்தது. கழுத்து அதுவாகவே சோல்வியின் பக்கம் திரும்பியது. அவள் சன்னல் வழியாக ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்முண்ட் மட்டும், மூக்குக்கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கிக்கொண்டு, என்னை அடையாளம் கண்டுகொண்டவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு இப்போது மூடிக் கிடக்கிறது. குட்வைக் மகள் வீட்டுக்குப் போகவில்லை, ஆடுகளைப் பெருக்கியிருக்கிறாள். இந்த அக்டோபரில் அவளும் ஒரு ரப்பர் உடை மாட்டிக்கொண்டு எங்களோடு நாலாவது ஆளாக இறங்கினாள். எங்களில் அவள்தான் இப்போது புதியவள். ஆனாலும் சிலேட்டைத் திருப்புகிற விதியை அவள் எடுக்க விடவில்லை.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு படித்தீர்கள். உங்களுக்கு மீனும் தெரியாது, ஆறும் தெரியாது, நான்கு டிகிரியில் யார் எதற்கு இறங்க வேண்டும் என்றும் தெரியாது. இருக்கட்டும். நாளைக்கு உங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டம் இருக்கும், அல்லது வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்து எல்லோரும் உட்கார்ந்திருப்பீர்கள், யாராவது உங்களைப் பார்த்து "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பார்கள். அந்த நேரத்தில், வாயைத் திறப்பதற்கு முன்னால், உங்கள் கண் எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் ஒரு தடவை கவனியுங்கள். அதற்கு முகக்கண்ணாடி தேவையில்லை.

நீங்களும் எங்கள் இனம்தானா என்று இப்போதே சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் சொல்லட்டும். பிறகு சொல்லலாம்.